கொந்தகை முகங்களை வைத்து ஏன் இந்தச் சண்டை?

நேற்று கொந்தகை முகங்களைப் பற்றிய விவாதத்தில் இரண்டு பேர் கத்தியதைப் பார்த்ததிலிருந்து மனசு ஆறவே இல்லை. கீழடிக்குப் பக்கத்தில் இருக்கும் கொந்தகையில், பழங்காலத்தில் இறந்தவர்களைப் புதைத்த தாழிகளில் கிடைத்த இரண்டு மண்டையோடுகளுக்கு லிவர்பூலில் முகம் செய்து கொடுத்தார்களே, அந்தப் படங்களைக் காட்டி ஒருத்தர் "இதுதான் நம்ம நிறம்" என்கிறார், இன்னொருத்தர் "நிறத்தில் அரசியல் செய்கிறார்கள்" என்கிறார். ஐயா, தோலின் நிறம் மண்டையோட்டில் இருக்காது. மூக்கெலும்பு, கண்குழி அளவுகளை வைத்துக் கணினியில் தசையை ஏற்றுகிறார்கள். நிறம் இன்றைய தென்னிந்தியர்களைப் பார்த்து வைத்தது. அப்புறம் எதற்கு இந்த அடிதடி?

எப்படி வாழ்ந்தாய் என்று கேளுங்கள், எலும்பு பதில் சொல்லும். ஆணா பெண்ணா என்பதை இடுப்பெலும்பிலும், உயரத்தைத் தொடையெலும்பிலும் பார்க்கலாம். சின்ன வயதில் பட்டினியோ கடும் நோயோ வந்திருந்தால் பல்லின் எனாமலில் கோடு விழுந்து கடைசிவரை நிற்கும்.

என் அம்மா சித்தாள் வேலைக்குப் போனவர். விட்டுப் பல வருஷம் கழித்து, கழுத்துவலி என்று கூட்டிப்போனேன். டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்த்ததும் "தலைச்சுமை தூக்குவீங்களாம்மா?" என்றார். அம்மா பட்ட பாட்டை எங்கள் வீட்டில் யாரும் எழுதி வைக்கவில்லை, அவர் கழுத்தெலும்பில் இருந்தது. கொந்தகைக்காரர் முதுகிலும் அப்படி ஏதாவது இருக்கலாம். எப்படி வாழ்ந்தார் என்று நேற்று ஒருத்தராவது கேட்டீர்களா?

"இனம் தெரியாமல் என்ன வரலாறு, உனக்குத் தமிழ்ப்பற்று இல்லை" என்று வருவீர்கள். கீழடிக்கு வெயிலில் போய் நின்ற என்னிடம் அதைச் சொல்லாதீர்கள், வலிக்கிறது. மண்டையோட்டை அளந்து இனம் பிரிக்கும் வேலையை 1930இலேயே ஆதிச்சநல்லூர் மண்டையோடுகளில் செய்து பார்த்தாயிற்று. அந்த வகைப்பாட்டையே அறிவியல் கைவிட்டுவிட்டது. வம்சாவளி வேண்டுமென்றால் டிஎன்ஏ வேண்டும், நம்ம ஊர் சூட்டில் அது மிஞ்சுவது அபூர்வம். ஹரியானாவில் இருக்கும் சிந்துவெளி ஊரான ராகிகடியில் அறுபதுக்கும் மேற்பட்ட மாதிரிகளைச் சோதித்து, ஒரே ஒரு பெண்ணின் டிஎன்ஏவை வைத்துத்தான் 2019இல் ஆய்வு வெளிவந்தது. முகம் வந்ததால்தான் ஜனங்கள் திரும்பிப் பார்த்தார்கள் என்றால், சரி, ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் 2020இல் அதே கொந்தகையில் ஒரு குழந்தையின் எலும்புக்கூடும் கிடைத்ததே! எத்தனை வயசு, என்ன சாப்பிட்டது, நோயில் கிடந்ததா, எப்படி வாழ்ந்தது? அந்தப் பிள்ளைக்காக யாரும் தொண்டை கிழியக் கத்தவில்லை. நிறத்துக்காகக் கத்தும் நேரத்தில், எலும்பாய்வுக்கு நல்ல ஆய்வுக்கூடம் கொடு, அதைப் படித்த பிள்ளைகளுக்கு வேலை கொடு என்று கேளுங்கள், நானும் உங்களோடு வந்து கத்துகிறேன்.