கேட்கிறார்கள், எதற்கென்று சொல்வதில்லை

அரட்டைச் செயலியை நிறுவி முடிக்கும் நேரத்தில் ஒரு சின்னப் பெட்டி வருகிறது: ‘பின்னணி உதவியாளரையும் நிறுவவா? விருப்பமானால் மட்டும்.’ ஆனால் டிக் ஏற்கெனவே போட்டிருக்கிறது! என் விருப்பம் என்றால் என்னைக் கேட்ட பிறகல்லவா போட வேண்டும்? அது என்ன செய்யும் என்று ஒரு வரிகூட இல்லை.

இப்படியான உதவியாளர்கள் வழக்கமாகச் செய்கிற வேலை இரண்டு. செயலியை மூடிய பிறகும் இணைப்பை விடாமல் வைத்திருந்து அழைப்பு வந்தால் சொல்வது ஒன்று. புதிய பதிப்பைத் தானாக இறக்குவது மற்றது. முதலாவது எனக்குக் கட்டாயம் வேண்டும், கட்டாரில் இருந்து அண்ணா அழைப்பு எடுப்பார். இரண்டாவது வேண்டவே வேண்டாம். திருகோணமலை உவர்மலையில் டொங்கிளில் டேட்டா போட்டுப் பாவிக்கிறவளுக்கு, கேளாமல் இறங்குகிற ஒவ்வொரு எம்பியும் காசு. அதோடு விண்டோஸில் சர்வீஸாக, அதாவது பின்னணியில் தானாக ஓடுகிற நிரலாக, பதிந்துகொண்டால், பாஸ்வேர்ட் கேட்காமலே அப்டேட் செய்கிற அளவுக்கு அதற்கு அதிகாரம் கிடைத்துவிடும். 4 ஜிபி ராம் உள்ள லேப்டொப்பில், கரண்ட் வந்து ஓன் பண்ணியதுமே அதுவும் எழும்பி உட்கார்ந்துகொள்ளும்.

பக்கத்து வீட்டுத் தம்பி, “ஓமெண்டு குடுத்திட்டு விடுங்கோ அக்கா” என்கிறான். எல்லாரும் அப்படிக் கொடுப்பதால்தான் இவர்கள் விளக்கம் எழுதுவதில்லை.

சரி, டிக்கை எடுத்துவிட்டேன். இப்போது அண்ணாவின் அழைப்புக்காகச் செயலியை நாள் முழுக்கத் திறந்தே வைத்திருக்கிறேன். இரண்டு வேலைக்கு இரண்டு பெட்டி வைக்க இவர்களுக்கு என்ன கஷ்டம்?