மூன்று மணிகள்

சென்னையில் வேலை பார்க்கும் என் மகள் லியோ என்ற லேப்ரடார் நாயை வளர்க்கிறாள். அதற்குத் தனி மெத்தை, தனித் தட்டு, பிறந்தநாள் எல்லாம் உண்டு. பொங்கலுக்கு வீட்டுக்கு வந்தவள், பழைய படங்கள் இருந்த தகரப் பெட்டியைக் கிளறிவிட்டு, "தாத்தா வீட்டுல மூணு நாய் இருந்துச்சுன்னு சொல்றீங்க. மூணுக்கும் மணின்னு ஒரே பேரு. ஒரு போட்டோகூட இல்ல. நீங்கள்லாம் நாய் வளர்த்தீங்களா, வேலைக்கு வச்சிருந்தீங்களாப்பா?" என்று கேட்டாள். அவளுக்கு அப்போது சிரித்து மழுப்பிய பதிலைத்தான் சொல்ல முடிந்தது. இணையத்திலும் இதே குற்றச்சாட்டு, நம் பெற்றோர் தலைமுறைக்கு விலங்குகளிடம் பாசமே இருந்ததில்லை என்ற தொனியில், அடிக்கடி கண்ணில் படுவதால், சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

திருவண்ணாமலை மாவட்டத்தில், செங்கத்தை அடுத்த ஒரு சிற்றூர் எங்களுடையது. மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, பயிரிடும் கொல்லைதான் பிழைப்பு. காய் பிடிக்கும் பருவத்தில் காட்டுப்பன்றிகள் இறங்கினால் ஒரே இரவில் அரைக் காணி போய்விடும் என்பதால், அப்பா கயிற்றுக் கட்டிலோடு கொல்லைக்குக் காவலுக்குப் போவார். கூடவே மணி போகும். முதல் மணி நான் பிறப்பதற்கு முன்பே வீட்டில் இருந்த செவலை நாய். அது வீட்டுக்குள் வந்ததாக எனக்கு நினைவே இல்லை; வாசற்படிதான் அதன் எல்லை. ஆயா, அதாவது என் பாட்டி, உடைந்த பானையின் அடி ஓட்டில் களியைக் கரைத்து ஊற்றுவார். ஆனால் அந்த ஓட்டில் ஊற்றிய பிறகுதான் அவர் தன் வட்டிலில் கை வைப்பார் என்பதை, அவர் இறந்து பல ஆண்டுகள் கழித்துத்தான் நான் நினைத்துப் பார்த்தேன். மீந்ததைப் போட்டு வளர்த்தார்கள் என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். எங்கள் வீட்டில் மீந்ததே கிடையாது.

பெயர் விஷயத்துக்கு வருகிறேன். முதல் மணி செத்த மறு மாதமே அப்பா எங்கிருந்தோ ஒரு கறுப்புக் குட்டியைத் துண்டில் சுற்றி எடுத்து வந்தார். நானும் அக்காவும் டைகர், சீசர் என்று பெயர்களைத் தேடிக்கொண்டிருக்க, அவர் தண்ணீர்த் தொட்டியடியில் நின்று "மணி" என்று கூப்பிட்டுவிட்டார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. செத்துப்போனதை அவ்வளவு சீக்கிரம் மறந்துவிட்டார் என்று நினைத்தேன். எங்கள் சாதி சனத்தில் செத்த தாத்தாவின் பெயரைப் பேரனுக்கு வைப்பார்கள், என் பெயரே அப்படி வந்ததுதான் என்பதை அந்த வயதில் நான் இதோடு பொருத்திப் பார்க்கவில்லை.

இரண்டாம் மணியைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டும். 1988-இல், நான் ஐந்தாம் வகுப்பில் இருந்தபோது, அது பக்கத்துத் தெருப் பையன் ஒருவனின் கெண்டைக்காலைக் கடித்துவிட்டது. அவன்தான் வாலை இழுத்தான் என்பது எங்கள் கட்சி. ஊரில் அது எடுபடவில்லை. வெறி பிடித்த நாய் என்று ஒருவர் சொல்ல, பொழுது சாய்வதற்குள் நாலைந்து பேர் தடியோடு வாசலில் நின்றார்கள். அப்பா அவர்களிடம் வாதாடவில்லை. நாயைப் புளியமரத்தில் சங்கிலியால் கட்டிவிட்டு, "பத்து நாள் பாக்கலாம், அப்புறம் நீங்க சொல்றபடி" என்று மட்டும் சொன்னார். கடிபட்டவனுக்கு மருந்து கட்டிய கம்பவுண்டர் சொல்லிக்கொடுத்த கணக்கு அது. வெறிநோய்க் கிருமி நாயின் எச்சிலில் வருவது அதன் கடைசி நாட்களில்தான். கடித்த நாய் பத்து நாள் தாண்டியும் நலமாக இருந்தால், கடித்த அன்று அதன் எச்சிலில் கிருமி இல்லை என்று பொருள்.

அந்தப் பத்து இரவும் அப்பா கொல்லைக்குப் போகவில்லை. கட்டிலைப் புளியமரத்தடியில் போட்டுப் படுத்தார். நாய் யாரையும் கடித்துவிடக் கூடாது என்பதற்காகவா, யாரும் நாயை அடித்துவிடக் கூடாது என்பதற்காகவா என்று நான் கேட்டதில்லை. காலையில் நாய் தண்ணீர் குடிக்கிறதா என்று பார்த்துவிட்டு, கடிபட்ட பையனைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு அரசு மருத்துவமனைக்குப் போவார். தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்று நம் ஊர்களில் பிள்ளைகளை மிரட்டுவார்களே, அது கதையில்லை; அந்தப் பையன் பதினான்கையும் போட்டுக்கொண்டான். ஆட்டின் மூளைத் திசுவிலிருந்து எடுக்கப்பட்ட பழைய தடுப்பூசி அது. 1907-இல் தொடங்கிய குன்னூர் பாஸ்டர் நிலையத்திலும் நெடுங்காலம் அது தயாரானது. இப்போது கையில் நான்கைந்து ஊசிகளோடு முடிந்துவிடுகிறது. அந்தப் பத்து நாட்களில் பன்றிகள் மல்லாட்டையில் பாதியைத் தோண்டித் தின்றுவிட்டன. அந்த வருடம் தீபாவளிக்கு எங்களுக்குப் புதுத்துணி இல்லை. பதினோராம் நாள் காலையில் அப்பா சங்கிலியை அவிழ்த்தார். தடவிக்கொடுக்கவில்லை, ஒரு வார்த்தை பேசவில்லை. நாய் நேராகக் கொல்லையைப் பார்த்து ஓடியது, அவர் பின்னாலேயே நடந்தார்.

இதையெல்லாம் சொல்வதால் அந்தக் காலத்தை நான் தங்கத்தால் இழைக்கிறேன் என்று எண்ண வேண்டாம். நாய்க்குத் தடுப்பூசி போட வேண்டும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றியதில்லை. தோன்றியிருந்தால் அந்தப் பையனின் வயிறு தப்பியிருக்கும். பூனை குட்டி போட்டால் சாக்கில் கட்டி ஏரிக்கு அப்பால் விட்டுவருவது என் வேலை, அதை நான் மறுபேச்சில்லாமல் செய்தேன். தாய் செத்த ஓர் ஆட்டுக்குட்டியைப் பால்புட்டியால் புகட்டி நானே வளர்த்தேன். அது முனீஸ்வரனுக்கு நேர்ந்துவிட்ட கிடா என்று எல்லோருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆடியில் படையல் வைத்த அன்று என்னை அத்தை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மறுநாள் திரும்பி வந்து குழம்பையும் சாப்பிட்டேன். இதற்கு என்னிடம் சமாதானம் எதுவும் இல்லை.

ஆனால் நாயை வாசலுக்கு வெளியே வைத்தவர்களுக்கு அதன்மேல் மதிப்பு இல்லை என்ற பேச்சை என்னால் ஏற்க முடியாது. எங்கள் மாவட்டத்திலேயே, எடுத்தனூரில், பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மனின் முப்பத்து நான்காம் ஆட்சியாண்டைச் சேர்ந்த ஒரு நடுகல் இருக்கிறது. எருமைகளுக்காக நடந்த பூசலில் இறந்துபட்ட கருந்தேவக்கத்தி என்பவனுக்கு எடுத்த கல் அது. அவன் உருவத்தோடு அவன் நாயையும் செதுக்கி, கோவிவன் என்னும் அந்த நாய் கள்ளனைக் கடித்துக் காத்து நின்றது என்று எழுத்தும் வெட்டியிருக்கிறார்கள். ஏழாம் நூற்றாண்டு ஊரார் நாயின் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொண்டு கல்லில் பொறித்திருக்கிறார்கள். கோவிவனும் திண்ணைக்குக் கீழேதான் படுத்திருக்கும் என்பது என் ஊகம். செல்லப்பிராணி என்ற சொல் எங்கள் வீட்டில் யார் வாயிலும் வந்து நான் கேட்டதில்லை. கொஞ்சுவதற்கென்று ஓர் உயிரை வைத்துக்கொள்ள வசதி இல்லாத வீட்டில், கூட உழைத்த உயிருக்குக் காட்டிய பாசம் வேறு மாதிரியாகத்தான் இருந்தது. மூன்றாம் மணி கிழடாகிக் கண் தெரியாமல் போன பின்பும், காவலுக்கு உதவாது என்று தெரிந்தே, அப்பா இரவில் அதை வண்டியில் ஏற்றிக் கொல்லைக்குக் கொண்டுபோனார்.

போன மாதம் அவரை மகள் வீட்டுக்கு அழைத்துச் சென்றேன். லியோ ஓடி வந்து வேட்டியை முகர்ந்தது. அவர் குனிந்து தொடவில்லை. மகள் முகம் கொஞ்சம் சுருங்கியது. நாற்காலியில் உட்கார்ந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "இதுக்கு ஊசி போட்டாச்சாம்மா?" என்பதுதான். அவள் உள்ளே போய்த் தடுப்பூசி அட்டையை எடுத்து வந்து கொடுத்தாள். அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு தேதிக்கும் கீழே விரலை வைத்து, அட்டையின் கடைசி வரி வரைக்கும் படித்தார்.