இருபத்தைந்தாயிரம் ரூபாய்க்கு ஒரு நேர்மையான கார்டு கிடைக்காதா?

"4 ஜிபி கார்டு இருக்கிறது சார், எல்லா கேமும் ஓடும்." இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லிச் சேலத்தில் இன்றைக்கும் ஜிடி 730 என்ற கிராபிக்ஸ் கார்டை (கம்ப்யூட்டரில் விளையாட்டுக் காட்சிகளை வரையும் கார்டு) விற்கப் பார்க்கிறார்கள் என்பதை நினைத்தால் வயிறு எரிகிறது. 2014-இல் வந்த கார்டு அது. வந்த காலத்திலேயே அது விளையாட்டுக்கான கார்டு இல்லை. திரையில் படம் தெரிந்தால் போதும் என்பவர்களுக்கானது. அந்த ஒரே பெயரில் இரண்டு வேறு தலைமுறைச் சிப்புகளை விற்றார்கள். ஒன்றில் 96 கோர் (சிப்புக்குள் கணக்குப் போடும் சின்ன அலகு), இன்னொன்றில் 384 கோர். முதல் வகைக்குப் புதிய விளையாட்டுகளுக்கான டிரைவர் (கார்டை இயக்கும் மென்பொருள்) வருவது 2018-இலேயே நின்றுவிட்டது, மற்றதற்கு 2021-இல். அதில் இருக்கும் டிடிஆர்3 என்ற பழைய வகை மெமரியை 4 ஜிபி வைத்தாலும் ஒன்றுதான், 40 ஜிபி வைத்தாலும் ஒன்றுதான். அதை நிரப்பி ஓட்டும் சக்தி அந்தச் சிப்புக்குக் கிடையாது. ஆனால் பெட்டியின் மேல் '4 ஜிபி' என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது. வாங்க வருகிற அப்பாக்களின் கண்ணில் படுவதும் அது ஒன்றுதான்.

என் அக்கா மகனுக்கு இதைத்தான் தலையில் கட்டப் பார்த்தார்கள். மச்சானுக்கு அம்மாப்பேட்டையில் தறி வேலை. சீட்டு எடுத்த பணத்தில் இருபத்தைந்தாயிரத்தை ஒதுக்கி, "பையன் பிளஸ் டூவில் நல்ல மார்க் எடுத்திருக்கிறான், கேட்டதை வாங்கிக் கொடு" என்று என்னிடம் ஒப்படைத்திருந்தார். அந்தப் பணம் எப்படிச் சேர்ந்தது என்று எனக்குத் தெரியும். அதனால்தான் இவ்வளவு கோபம்.

செவ்வாய்ப்பேட்டையில் ஒரு ஜோடி கொலுசு வாங்கினால் எடை எவ்வளவு, டச் (வெள்ளியின் தூய்மை) எவ்வளவு, கூலி எவ்வளவு என்று தனித்தனியாகக் கேட்கிறோம். கடைக்காரரும் முகம் சுளிக்காமல் சொல்கிறார். இவ்வளவு விலை கொடுத்து வாங்கும் கிராபிக்ஸ் கார்டில் என்ன சிப், மெமரி எத்தனை பிட் அகலம் (ஒரே நேரத்தில் எவ்வளவு தகவல் போகும்), மதர்போர்டோடு எத்தனை லேனில் (தகவல் போய்வரும் பாதையில்) பேசும், எத்தனை வாட் இழுக்கும் என்று கேட்டால், ஏதோ கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்டதுபோல் பார்க்கிறார்கள். "எல்லாம் ஒன்றுதான் சார், இது புது மாடல்" என்பதே பதில். ஒன்றுதான் என்றால் விலை ஏன் ஒன்றாக இல்லை?

கடைக்காரரை மட்டும் திட்டிப் பயனில்லை. இந்தக் குழப்பத்தைத் தயாரிக்கிறவர்களே விதைக்கிறார்கள். 2016-இல் கிராபிக்ஸ் சிப் தயாரிக்கும் என்விடியா நிறுவனம் ஜிடிஎக்ஸ் 1060-ஐ 6 ஜிபி, 3 ஜிபி என்று இரண்டாக விட்டது. மெமரி மட்டும்தான் பாதி என்று எல்லாரும் நினைத்தார்கள். சிப்பிலும் கை வைத்திருந்தார்கள்: ஒன்றில் 1280 கோர், மற்றதில் 1152. ஜிடி 1030 இன்னும் மோசம். 2017-இல் வேகமான ஜிடிடிஆர்5 மெமரியோடு வந்தது. அடுத்த ஆண்டே மெதுவான டிடிஆர்4 மெமரியைப் போட்டு அதே பெயரில் இன்னொன்றை இறக்கினார்கள். முதல் கார்டில் மெமரி வேகம் நொடிக்கு 48 ஜிபி, இரண்டாவதில் 16.8. மூன்றில் ஒரு பங்கு சொச்சம்! ஒரே பெயர், அதே 2 ஜிபி. பெட்டியின் ஓரத்தில் ஒரு சின்ன எழுத்து மாறியிருக்கும், அவ்வளவுதான். கல்லூரி விடுதிப் பையன்கள் எத்தனை பேர் அந்த இரண்டாவது கார்டை வாங்கி, விமர்சனத்தில் பார்த்த வேகம் தன் கம்ப்யூட்டரில் மட்டும் ஏன் வரவில்லை என்று மண்டையைக் குடைந்திருப்பார்கள்!

பழைய கதை என்று தள்ளிவிட முடியாது. ஆர்டிஎக்ஸ் 3060 முதலில் 12 ஜிபி, 192 பிட் என்று வந்தது, நல்ல கார்டு. 2022 கடைசியில் அதே பெயரில் 8 ஜிபி, 128 பிட் கார்டு ஒன்று சத்தமில்லாமல் கடைக்கு வந்தது. மெமரியின் அளவும் குறைந்தது, அதன் வேகமும் மூன்றில் ஒரு பங்கு போனது. 2024-இல் 3050-க்கும் இதே வேலையைச் செய்தார்கள். 8 ஜிபி கார்டில் 2560 கோர், 128 பிட். 6 ஜிபி கார்டில் 2304 கோர், 96 பிட். இரண்டுக்கும் பெயர் 3050.

இந்த 6 ஜிபி கார்டு மோசமான கார்டு என்று நான் சொல்லவில்லை. 70 வாட்டில் ஓடுகிறது. பெரும்பாலான மாடல்களுக்குத் தனி மின்கம்பி வேண்டாம், ஸ்லாட்டில் செருகினால் போதும். பெங்களூரு அலுவலகங்களில் கழித்துக் கட்டிய பழைய கம்ப்யூட்டர்களை வாங்கி வைத்திருக்கும் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு அது உண்மையிலேயே பொருத்தமான கார்டு. அதற்கு 3040 என்று பெயர் வைத்திருந்தால் நானே கடை கடையாகச் சொல்லி விற்றுக் கொடுத்திருப்பேன். வேறொரு கார்டு சம்பாதித்த பெயரை எடுத்து இதன் மேல் ஒட்டியது ஏன்? வாங்குகிறவன் குழம்ப வேண்டும் என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் இருந்தால் யாராவது சொல்லுங்கள்.

இந்தப் பக்கம் போட்டி நிறுவனமான ஏஎம்டி யோக்கியம் என்று நினைக்க வேண்டாம். 2022-இல் வந்த ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி நான்கே லேனில் பேசும் கார்டு. புது மதர்போர்டில் போட்டால் சமாளிக்கும். விலை குறைந்த கார்டைத் தேடுகிறவனிடம் இருப்பதோ பழைய மூன்றாம் தலைமுறை பிசிஐஇ (கார்டைச் செருகும் இணைப்பு) போர்டு; அதில் போட்டால் வேகம் விழுந்துவிடும். யாருக்காகச் செய்தார்களோ அவனுக்கே பயன்படாத கார்டு! 2025-இல் வந்த 9060 எக்ஸ்டியும் 8 ஜிபி, 16 ஜிபி என்று இரண்டு வகை, ஒரே பெயர். இவற்றையெல்லாம்விட அநியாயம் இணையத்தில் மலிவாகக் கிடைக்கிறதே அந்த ஆர்எக்ஸ் 580 2048எஸ்பி. 580 என்றால் 2304 கோர் இருக்க வேண்டும். 2048 கோர் என்பது அதற்குக் கீழே உள்ள 570-இன் கணக்கு. சீனச் சந்தைக்காக 2018-இல் பெயர் மாற்றி விட்ட சரக்கு இன்று நம் ஊர் வரைக்கும் வந்து "580, 8 ஜிபி" என்று விலை போகிறது. அந்த '2048எஸ்பி' என்பதை விளம்பரத்தின் எந்த மூலையில் போட்டிருக்கிறார்கள் என்று தேடிப் பாருங்கள்.

கூச்சல் போட்டால் இவர்கள் கேட்பார்கள் என்பதற்கும் சான்று இருக்கிறது. 2022 செப்டம்பரில் என்விடியாக்காரர்கள் ஆர்டிஎக்ஸ் 4080 என்ற ஒரே பெயரில் 16 ஜிபி, 12 ஜிபி என இரண்டு கார்டுகளை அறிவித்தார்கள். இரண்டிலும் சிப் வேறு. உலகம் முழுக்கக் காறித் துப்பியதும் அடுத்த மாதமே 12 ஜிபி கார்டைத் திரும்பப் பெற்றார்கள். 2023 ஜனவரியில் அதையே 4070 டிஐ என்ற பெயரில் விட்டபோது விலை 899 டாலரிலிருந்து 799 ஆகியிருந்தது. பெயர் சரியானதும் விலை நூறு டாலர் இறங்கியது. அது பணக்காரர்கள் வாங்கும் கார்டு, அதனால் சத்தம் கேட்டது. 3050 வாங்குகிறவனுக்காகக் கத்த யார் இருக்கிறார்கள்?

விலை என்றதும் இன்னொன்று. அமெரிக்காவில் 299 டாலர் என்று அறிவிப்பார்கள். ஒரு டாலர் 85 ரூபாய் என்று வைத்தால் 25,415 ரூபாய். 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தால் ஏறக்குறைய முப்பதாயிரம். இதுவரை கணக்கு எனக்குப் புரிகிறது. அதற்கு மேல் இறக்குமதியாளர், விநியோகஸ்தர், கடைக்காரர் என்று ஒவ்வொருவர் பங்கும் ஏறி, ஐந்து ரோட்டுக் கடை ஒன்றில் அந்தக் கார்டின் விலையைக் கேட்டபோது எனக்குப் பேச்சே வரவில்லை. தனியாகக் கார்டு மட்டும் தர முடியாது, கேபினெட்டும் எஸ்எம்பிஎஸ்ஸும் (கம்ப்யூட்டருக்கு மின்சாரம் கொடுக்கும் பெட்டி) சேர்த்து எடுத்தால்தான் என்று நிபந்தனை வேறு.

அந்த எஸ்எம்பிஎஸ்ஸைக் கையில் வாங்கிப் பார்த்தேன். உள்ளே ஒன்றும் இல்லையோ என்று சந்தேகப்படும் அளவுக்கு எடை இல்லை. மேலே '450 வாட்' என்று சிவப்பில் எழுதியிருந்தது. பக்கவாட்டில் இருந்த லேபிளைத் திருப்பினால் 12 வோல்ட் வரிசையில் 18 ஆம்பியர். பெருக்கினால் 216 வாட். கிராபிக்ஸ் கார்டும் புராசஸரும் குடிப்பதெல்லாம் இந்த 12 வோல்ட்டிலிருந்துதான். 132 வாட் எடுக்கும் ஆர்எக்ஸ் 6600-ஐயும் ஒரு 65 வாட் புராசஸரையும் மாட்டினாலே மூச்சுத் திணறும் பெட்டிக்கு 450 என்று பெயர். இதைக் கடைப் பையனிடம் காட்டியபோது, "யாரும் இதையெல்லாம் பார்க்க மாட்டார்கள் அண்ணா" என்றான். அவன் பொய் சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம். யாரும் பார்க்க மாட்டார்கள் என்று நம்பித்தான் இந்த வியாபாரமே நடக்கிறது.

விமர்சனம் பார்த்து வாங்குங்கள் என்று அறிவுரை சொல்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. விமர்சகர்கள் ஏசி அறையில், மூடி இல்லாத மேஜையில் கார்டை ஓட்டுகிறார்கள். இங்கே சித்திரையில் வெயில் நாற்பது டிகிரியைத் தொடுகிறது, தகர ஷீட் போட்ட மாடி அறையில் பிள்ளைகள் விளையாடுகிறார்கள். அக்கா வீட்டில் பழைய கம்ப்யூட்டரைத் திறந்தபோது புராசஸர் மேல் இருந்த அலுமினியத் தகடுகளுக்கு நடுவே ஒரு விரல் கனத்துக்குப் பஞ்சு படிந்திருந்தது. தறியிலிருந்து பறந்து வந்த பஞ்சு. நூலோடு நூலாகப் பின்னி, துணிபோலவே உரிந்து வந்தது. விசிறி சுற்றிக்கொண்டுதான் இருந்தது, காற்றுதான் உள்ளே போகவில்லை. இப்படிப்பட்ட வீட்டுக்கு எந்தக் கார்டு தாங்கும் என்று எந்த விமர்சனத்தில் சொல்கிறார்கள்? குறைந்த வாட் இழுக்கும் கார்டுதான் இங்கே சரி என்று சொல்ல ஒரு கடைக்காரருக்காவது வாய் வந்ததா?

2025 ஏப்ரலில் என்விடியாவின் 5060 டிஐ 8 ஜிபி, 16 ஜிபி என்று இரண்டு வகையாக வந்தபோது விமர்சகர்களுக்குப் போனது 16 ஜிபி கார்டுதான். 8 ஜிபி கார்டைச் சோதிக்க விரும்பியவர்கள் கடையில் காசு கொடுத்து வாங்க வேண்டியிருந்தது. அந்த ஆண்டு ஜனவரியில் என்விடியாவின் தலைவர் ஜென்சன் ஹுவாங் மேடையேறி, 549 டாலர் 5070 கார்டு 4090-இன் வேகத்தைக் கொடுக்கும் என்றார். 4090 வந்தபோது அதன் விலை 1,599 டாலர். எப்படி முடிந்தது இந்த அதிசயம்? கார்டு உண்மையில் வரையும் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் (திரையில் அடுத்தடுத்து மாறும் படம்) இடையில் மூன்று ஃபிரேம்கள் வரை செயற்கையாகச் செருகுகிற தொழில்நுட்பத்தையும் கணக்கில் சேர்த்துக்கொண்டால் முடியும். திரையில் எண் ஏறும்; மவுஸை அசைத்தால் விளையாட்டு பதில் சொல்லும் வேகம் ஏறாது. சேலத்துக் கடைக்காரர் அந்த மேடைப் பேச்சை மட்டும் மனப்பாடம் செய்து வைத்திருக்கிறார்.

பழைய கார்டு வாங்கலாமே என்பார்கள். எத்திரியம் என்ற டிஜிட்டல் நாணயத்தைக் கிராபிக்ஸ் கார்டு வைத்துத் தோண்டும் (மைனிங்) முறை 2022 செப்டம்பரில் முடிவுக்கு வந்தது. அதுவரை இரவும் பகலும் ஓடிய கார்டுகள் எல்லாம் துடைத்து, பளபளப்பாக்கி, "வீட்டில் லேசாகப் பயன்படுத்தியது" என்ற பேரில் சந்தைக்கு வந்தன. பில் கிடையாது, வாரண்டி கிடையாது. இதில் நான் தெளிவாக இருக்கிறேன்: தறி ஓட்டிச் சேர்த்த பணத்தை அந்தச் சூதாட்டத்தில் வைக்க மாட்டேன்.

புதுக் கார்டுக்கு மட்டும் வாரண்டி பெரிதாக வாழ்கிறதா? பில்லில் 'கிராபிக்ஸ் கார்டு — 1' என்று எழுதித் தருகிறார்கள். எந்த மாடல், என்ன சீரியல் எண் என்று ஒன்றும் இல்லை. நாளைக்குக் கெட்டால், "சர்வீஸ் சென்டர் சென்னையில் இருக்கிறது, நீங்களே அனுப்பிக்கொள்ளுங்கள்" என்று கை விரிப்பார்கள். சீரியல் எண் இல்லாத பில்லைக் காட்டி எந்த சர்வீஸ் சென்டரில் என்ன கேட்க முடியும்?

கடைசியில் மருமகனிடம் உட்கார்ந்து பேசினேன். அவனிடம் இருப்பது 1080 மானிட்டர், ஆறாம் தலைமுறை ஐ5 புராசஸர் போட்ட அலுவலகக் கம்ப்யூட்டர். விளையாடுவது வேலரண்ட், ஜிடிஏ 5. "மாமா, இன்டெல் ஆர்க் பி580 எடுக்கலாமா, 12 ஜிபி இருக்கிறதே" என்று கேட்டான். நியாயமான கேள்விதான். 2024 டிசம்பரில் 249 டாலருக்கு 12 ஜிபி, 192 பிட் கொடுத்த கார்டு அது, அந்த விலையில் மற்ற இரண்டு பேரும் அப்படிக் கொடுக்கவில்லை. ஆனால் ரீசைசபிள் பார் (கார்டின் மெமரி முழுவதையும் புராசஸர் ஒரே வீச்சில் எட்டும்) வசதியுள்ள புதிய புராசஸரும் போர்டும் இல்லாமல் அதைப் போட்டால் பாதிக் காசு வீண். இதையும் எந்தப் பெட்டியும் முகப்பில் சொல்வதில்லை. முழுக் கம்ப்யூட்டரையும் மாற்றும் நாள் வந்தால் 12 அல்லது 16 ஜிபி கார்டைப் பார்க்கலாம், இப்போது 70 வாட் 3050-தான் உன் பெட்டிக்குச் சரி, மிச்சப் பணத்தில் ஒரு எஸ்எஸ்டி (வேகமான சேமிப்பு டிஸ்க்) போடு என்று சொன்னேன். ஒப்புக்கொண்டான்.

அந்த முடிவோடு கடைக்குப் போய், "3050, 6 ஜிபி, 96 பிட் என்றும் சீரியல் எண்ணையும் பில்லில் எழுதுங்கள்" என்றதற்கு ஒரு கடையில் "எங்கள் கம்ப்யூட்டரில் அப்படி வராது" என்றார்கள். பேனாவில் எழுதிக் கையெழுத்துப் போடலாமே என்றதற்குப் பதில் இல்லை. பணத்தைத் திரும்பப் பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தோம். ஜங்ஷன் பக்கம் இன்னொரு கடைக்காரர் முந்நூறு ரூபாய் கூடுதலாகச் சொன்னார். ஆனால் பெட்டியைத் திறந்து, கார்டின் பின்னால் இருந்த சீரியல் எண்ணைப் பெட்டியில் இருந்ததோடு ஒப்பிட்டுக் காட்டி, கேட்ட எல்லாவற்றையும் பில்லில் எழுதிக் கொடுத்தார். அவரிடம் முந்நூறு ரூபாய்க்குப் பேரம் பேச எனக்கு வாய் வரவில்லை. கார்டு வாங்கப் போகிறவர்கள் எல்லாரும் இதைக் கேளுங்கள். எழுதித் தர முடியாது என்று சொல்லும் கடையில் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.