லென்ஸ திருப்பி மாட்டுங்க, தேயிலைய பாருங்க

மலையகத்து போட்டோன்னு தேடிப் பாருங்க, என்ன வரும்? மூடுபனி, தெமோதர ஒன்பது வளைவு பாலத்துல ரயிலு, கூடைய மாட்டிக்கிட்டு சிரிக்கிற ஒரு அக்கா. பாலம் 1921ல இருந்து அங்கதான் நிக்குது, எங்கயும் ஓடிப்போகாது. ஆனா அந்த அக்கா தினமும் கிள்ளுற கொழுந்து கிட்டத்துல எப்பிடி இருக்கும்னு எத்தன பேரு எடுத்துப் போட்ருக்கீங்க?

கேட்டா, சின்னப் பொருள கிட்டத்துல பெருசா எடுக்குற மேக்ரோ லென்ஸ் வாங்க காசில்லங்குறாங்க. அட, கமராவோட சேந்து வந்த கிட் லென்ஸயே திருப்பி மாட்டுங்கப்பா! ரிவர்ஸ் ரிங்னு ஒரு வளையம், ஃபில்டர் மாட்டுற மரையில ஏறிக்கும், லென்ஸோட மூஞ்சி கமரா பக்கம் போயிரும். சாதாரணமா பொருள் தூரத்துல, படம் விழற சென்சர் கிட்டத்துல, லென்ஸ அதுக்கு ஏத்த மாதிரிதான் செஞ்சிருக்காங்க, நம்ம ரொம்ப நெருங்கிப் போனா பொருள்தான் கிட்ட வந்துருது, அப்ப லென்ஸும் திரும்பத்தானே வேணும். கணக்கும் தலகீழ்தான், 18-55 எம்எம் ஜூம் லென்ஸ்ல 55 பக்கம் வச்சா சும்மா குளோசப், 18 பக்கம் போகப் போக இன்னும் பெருசாத் தெரியும்.

ஆட்டோஃபோகஸ் வேல செய்யாது. கெனன்காரங்க அப்பர்ச்சர, அதாவது லென்ஸுக்குள்ள வெளிச்சம் வர்ற ஓட்டைய, எஃப் 8ல வச்சு, அந்த ஓட்டைய முன்கூட்டியே சுருக்கிக் காட்டுற டெப்த் ப்ரிவியூ பட்டன அமுக்கிப் பிடிச்சிக்கிட்டே லென்ஸ கழட்டுனா அப்பர்ச்சர் அப்பிடியே நிக்கும். நிக்கான்ல அப்பர்ச்சர கையாலயே மாத்துற வளையம் இருக்குற பழைய 50 எம்எம் கிடைச்சா விட்றாதீங்க.

இப்ப அரும்ப பாருங்க. வெறுங்கண்ணுக்கு லேசா வெள்ளையாத் தெரியறது பூராவும் முடி, ஒரே பக்கமா படிஞ்சு கெடக்கும், சில்வர் டிப்ஸ்னு விக்கிற தேயிலையோட வெள்ளி நெறம் அதுதான். வெயில் காலத்துல முத்தின இலையோட மேல்பக்கம் துரு புடிச்ச மாதிரி இருந்தா அங்க போங்க, அர மில்லிமீட்டர்கூட இல்லாத செஞ்சிலந்தி எட்டுக் கால வச்சு நடக்கும், பக்கத்துலயே செவப்பு உருண்டையா முட்ட. சென்சர்ல நெசத்த விட ரெண்டு மடங்கு பெருசா விழற மாதிரி எடுக்குறப்போ எஃப் 8 வச்சாலும் தெளிவா விழறது கால் மில்லிமீட்டர்தான், அதனால லென்ஸ திருகாதீங்க, கமராவோட நீங்கதான் முன்ன பின்ன ஆடணும், காத்தடிச்சா போச்சு.

தூறல்ல மட்டும் கவனம், லென்ஸோட பின்பக்க கண்ணாடி வெளிய தெறந்து கெடக்கும்.

இன்னொன்னு, பூச்சிய ஃப்ரிட்ஜ்ல வச்சு மயங்க வச்சு எடுக்குற ஆளுங்கள கண்டாலே எரிச்சலா வருது. நுவரெலியா குளிருல விடியக்காலம் அதுவே அசையாமதான் உக்காந்திருக்கும், கொஞ்சம் வெள்ளன எந்திரிங்க.