செம்மஞ்சள் வட்டத்தை மட்டும் நம்பேலாது

சாப்பாடு, குளிர்பானப் பைக்கற்றில் சீனி, உப்பு அளவைக் காட்ட நிற அடையாளம் போட்டால் சனம் விளங்கிக்கொள்ளும் எண்டு ஒரு கட்டுரை சொல்லுது. அரைவாசிதான் சரி. எங்கட இலங்கையில் குளிர்பானங்களுக்கு 2016இலேயே அது வந்திட்டுது. 100 மில்லிலீற்றரில் சீனி 11 கிராமுக்கு மேல் போனால் சிவப்பு, 2 கிராமுக்குக் கீழ் பச்சை, இடையில் செம்மஞ்சள். அப்ப 10 கிராம் உள்ள சோடாவும் செம்மஞ்சள்தான்! 400 மில்லிலீற்றர் போத்தலை ஒரே இழுவையில் குடிக்கிற பிள்ளைக்கு 40 கிராம், கிட்டத்தட்டப் பத்துத் தேக்கரண்டி சீனி உள்ளுக்குப் போகுது. யாழ்ப்பாண வெயிலுக்கு ஆர் 100 மில்லிலீற்றர் அளந்து குடிக்கினம்? முழுப் போத்தலிலும் எத்தனை கரண்டி எண்டு முன்பக்கத்தில் பெரிசாப் போடட்டும். உப்பும் அப்பிடித்தான். சோடியம் எண்டு மில்லிகிராமில் எழுதினால், 2.5 ஆல் பெருக்கித்தான் உப்பைக் கண்டுபிடிக்கவேணும். உப்பைக் குறைக்கவேண்டிய பிறஷர்காரர் (இரத்த அழுத்தம் உள்ள ஆக்கள்) கடை வாசலில் நிண்டு கணக்குப் பார்ப்பினமோ?