லிங்க்கைத் தொடாவிட்டால் பெகாசஸ் வராதா?

"தெரியாத லிங்க்கைத் தொடாதவரை பெகாசஸ் போனுக்குள் வராது" என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. தவறு, தயவுசெய்து நம்பாதீர்கள். பெகாசஸ் என்பது போனுக்குள் புகுந்து வேவு பார்க்கும் உளவு மென்பொருள்.

2019-இல் வாட்ஸ்அப் அழைப்பு வசதியில் இருந்த ஓட்டை வழியாக சுமார் 1,400 பேர் குறிவைக்கப்பட்டார்கள். அழைப்பை எடுக்க வேண்டிய தேவைகூட இல்லை. 2021-இல் ஐபோனின் செய்திச் செயலியான ஐமெசேஜிலும் அப்படியொரு ஓட்டை. ஆப்பிள் அதை ஐஓஎஸ் 14.8 அப்டேட்டில் அடைத்தது. உளவு மென்பொருள் உள்ளே வந்துவிட்டால் செய்திகளைப் போனிலேயே படித்துவிடும், செய்தியை வழியில் யாரும் படிக்காமல் பூட்டும் மறையாக்கம் (என்க்ரிப்ஷன்) அங்கே காப்பாற்றாது. மைக்கையும் இயக்கும்.

சரி, என்ன செய்வது? அப்டேட் வந்த அன்றே போடுங்கள். ஓட்டைகள் அடைபடுவது அதில்தான். போனை அடிக்கடி அணைத்துப் போடுவதும் ஓரளவு உதவும், ஆனால் உளவு மென்பொருளை மறுபடி ஏற்றிவிட முடியும். பத்திரிகையாளர், வழக்கறிஞர், செயற்பாட்டாளர் என்றால் ஐபோனில் லாக்டவுன் மோடை (தாக்குதலுக்கு வழி தரக்கூடிய சில வசதிகளை முடக்கிவைக்கும் அமைப்பு) இன்றே இயக்குங்கள்.