பாண்டவர் முகம் காட்டாத பாரதப் படம்

கே.வி. ரெட்டி இயக்கி 1957-இல் வெளிவந்த 'மாயாபஜார்' தெலுங்குப் படத்தைப் பற்றிப் பேச்செடுத்தால், லட்டுகள் தாமாகப் பறந்து கடோத்கஜனின் வாய்க்குள் விழுவதையும், ஒளிப்பதிவாளர் மார்க்கஸ் பார்ட்லி கருப்பு வெள்ளையில் காட்டிய நிலவொளியையும் வியந்துவிட்டு நிறுத்திக்கொள்கிறோம். கணினி இல்லாத காலத்தில் செய்து காட்டிய அந்த வேலைக்கு அந்த வியப்பு தகும். ஆனால் எத்தனை முறை பார்த்தாலும் என்னை அதன் முன் உட்கார வைப்பது, வீட்டுக்கு வீடு நடக்கும் ஒரு சம்பந்தச் சண்டையை அது சொல்லும் விதம்தான்.

வியாச பாரதத்தில் சசிரேகை கிடையாது. மக்கள் வாய்மொழியிலும் நாடக மேடையிலும் வளர்ந்த கதை இது. பலராமனின் மகள் சசிரேகை, தங்கை சுபத்திரையின் மகன் அபிமன்யுவுக்கு முறைப்பெண். சிறுவயதிலேயே வாக்குக் கொடுத்தாயிற்று. பிறகு சூதில் பாண்டவர்கள் எல்லாவற்றையும் இழக்கிறார்கள். திரௌபதிக்கு நேர்ந்ததைக் கேட்டுக் கொதித்து அஸ்தினாபுரம் போகும் பலராமன், துரியோதனன் செய்யும் உபசாரத்தில் குளிர்ந்து, அவன் மகன் லட்சுமணகுமாரனுக்கே தன் பெண்ணைத் தருவதாக ஒப்புக்கொண்டு திரும்புகிறான். சொத்து போனதும் நாத்தனார் வேண்டாதவளாகிவிடுகிறாள் அண்ணி ரேவதிக்கு. மேனரிகம் என்று தெலுங்கில் சொல்லும் இந்த உறவுமுறையை நாமும் அறிவோம் என்பதால், வாக்கை நினைவூட்டும் சுபத்திரையும் முகம் கொடுக்காத அண்ணியும் எதிரெதிரே நிற்கும் காட்சி எனக்கு எந்தப் போர்க்களத்தையும்விடக் கனமாகத் தெரிகிறது.

இவ்வளவு நடந்தும், பாண்டவர் ஐவரில் ஒருவர்கூடப் படத்தில் வருவதில்லை. முதன்முறை பார்க்கிறவர்கள் பலர் இதைக் கவனிப்பதே இல்லை. அவர்கள் பட்ட துன்பம் பார்வையாளருக்குத் தெரியும் என்று நம்பி, அத்துன்பம் உறவினர் வீட்டில் என்ன மாற்றத்தை உண்டாக்குகிறது என்பதை மட்டும் திரைக்கதை பின்தொடர்கிறது. இந்த நம்பிக்கையை இன்றைய புராணப் படங்களில் நான் காண்பது அரிது.

பிரியதரிசினி என்ற பெட்டியின் காட்சி இதற்கு நல்ல சான்று. திறப்பவருக்கு எது பிரியமோ அதைக் காட்டும் பெட்டி அது. சசிரேகைக்கு அபிமன்யு தெரிகிறான். ரேவதிக்கு நகைகள் தெரிகின்றன. பலராமனுக்குத் தன் சீடன் துரியோதனன். கிருஷ்ணன் பார்க்கும்போது வந்து நிற்பவன் சகுனி! பின்னால் நடக்கப்போவது முழுவதையும் ஒரு பெட்டிக்குள் வைத்துக் காட்டிவிட்டார்கள்.

வசனம் எழுதிய பிங்களி நாகேந்திரராவை எப்படிப் பாராட்டுவதென்றே தெரியவில்லை. கம்பளியை 'கிம்பளி' என்றும் படுக்கையைக் குறிக்கும் தல்பத்தை 'கில்பம்' என்றும் ஆக்கிய அவர், யாரும் பிறப்பிக்காமல் சொற்கள் எப்படிப் பிறக்கும் என்று கடோத்கஜனைக் கேட்கவும் வைத்தார். அந்தக் கேள்வி இன்றும் தெலுங்கு மக்களின் அன்றாடப் பேச்சில் புழங்குகிறது.

பிறகு சசிரேகையாக நடித்த சாவித்திரி. கடோத்கஜன் சசிரேகையாக உருமாறி அந்தப்புரத்தில் இருக்கும் பகுதியில், கடோத்கஜனாக நடித்த எஸ்.வி. ரங்காராவின் நடையையும் தோரணையையும் அவர் தம் உடம்பில் ஏற்றிக்கொள்கிறார். 'அஹ நா பெள்ளியன்ட' பாடலில் பி. சுசீலாவின் குரலில் நாணத்தோடு ஆடிக்கொண்டிருப்பவர், நடுவே கண்டசாலாவின் ஆண்குரல் வெளிப்பட்டதும் சட்டென்று அடங்கிப் பழைய நாணத்துக்குத் திரும்புவதைப் பாருங்கள். ஒளிப்பதிவுத் தந்திரம் எதுவும் அங்கே தேவைப்படவில்லை. புருவமும் தோளும் போதுமானவையாக இருந்தன. ரங்காராவை நினைத்துக்கொண்டே நாம் சாவித்திரியைப் பார்க்கிறோம்.

விஜயா நிறுவனத்தின் நாகிரெட்டியும் சக்கரபாணியும் இதைத் தமிழிலும் சேர்த்தே எடுத்தார்கள். அதில் சசிரேகை வத்சலாவானாள், நாகேஸ்வரராவ் நடித்த அபிமன்யுவை ஜெமினி கணேசன் ஏற்றார், என்.டி. ராமாராவின் கிருஷ்ணனும் ரங்காராவும் சாவித்திரியும் இரண்டிலும் உண்டு. 'கல்யாண சமையல் சாதம்' கேட்டு வளர்ந்தவன் என்பதால் தமிழ்ப் படத்தின்மீது எனக்குப் பெரும் பிரியம் உண்டு. ஆனாலும் பிங்களியின் சொல் விளையாட்டு மூலத்தில்தான் முழுமையாக இருக்கிறது. தெலுங்கு அரைகுறையாகப் புரிந்தாலும் பரவாயில்லை, ஒருமுறையாவது அதைப் பாருங்கள். 2010-இல் வந்த வண்ணப் பதிப்பு வேண்டாம். பார்ட்லியின் நிலவு கருப்பு வெள்ளையில்தான் இருக்கிறது.